டிவி இல்லாத வீட்டுக்குப் புயல் செய்தி எப்படி வரும்?

கேட்டவர் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். 9 வயதில் ஒரு பையன், 4 வயதில் ஒரு பெண், கூடவே மாமியார். காலை 6 மணிக்குப் போடும் டிவி இரவு 11 வரை ஓடுகிறதாம், அதை நிறுத்திவிட ஆசைப்படுகிறார். ஆனால் மூன்று கவலை இருக்கிறது. புயல் செய்தியும் கடல் செய்தியும் எப்படித் தெரியும்? மாமியார் பொழுதுக்கு என்ன செய்வார்? டிவி போனாலும் கையில் போன் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

தங்கச்சி, நான் மண்டபம் பக்கத்தில் 1994-லிருந்து 2014 வரை கேபிள் டிவி நடத்தியவன். 12 சேனலில் ஆரம்பித்து 400 வீட்டுக்கு ஒயர் இழுத்திருக்கிறேன். நம் ஊர் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துப் போகும், படம் மழை பெய்யும். மாதத்தில் பாதி நாள் ஏணியும் கையுமாகத்தான் திரிந்தேன். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு என்ன ஓடுகிறது என்பது அந்த வீட்டுக்காரர்களை விட எனக்கு நன்றாகத் தெரியும். 2015-லிருந்து என் வீட்டில் டிவி ஓடவில்லை. இப்போது வீட்டு வயரிங்கும் படகுகளில் பேட்டரி, விளக்கு வேலையும் பார்க்கிறேன். அதனால் உங்கள் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும்.

நம் கடற்கரைக்கு டிவி சென்னையிலிருந்து வரவில்லை, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் அந்த அலை நம் பக்கம் எட்டாது. இலங்கையில் 1979-ல் ஐ.டி.என்., 1982-ல் ரூபவாஹினி. இங்கே டிவி வாங்கிய முதல் சில வீடுகளில் ஆன்டெனா எல்லாம் தென்கிழக்கு பார்த்தே நிற்கும். கோடையில் காற்று அடங்கிய சாயங்காலம் படம் கண்ணாடி மாதிரி வரும், வாடைக்காற்று அடித்தால் ஒன்றும் தெரியாது. கடல் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, டிவி அலை அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து வெகுதூரம் ஓடும். சிறுவயதில் எனக்கு அந்தக் காரணம் தெரியாது. ‘இன்றைக்குக் கடல் கண்ணாடியா இருக்கு, படம் வரும்’ என்று அப்பா சொல்வார், வரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த டிவிக்கு ஒரு முடிவு இருந்தது. சாயங்காலம் தொடங்கும். இரவு தேசிய கீதம் போட்டு நிறுத்திவிடுவார்கள், அப்புறம் திரையில் வெறும் புள்ளிதான் இரையும். வாசலில் உட்கார்ந்து பார்த்த முப்பது பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவோம். விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் ஒன்பது மணிக்குத் தூங்கியிருப்பார். பிறகு 1993-ல் சன் டிவி வந்தது, என்னைப் போன்றவர்கள் ஒயரோடு வந்தோம், 2006-லிருந்து அரசு வீட்டுக்கு வீடு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்தது, 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. டிவி இல்லாத வீடே இல்லை என்றானதில் எனக்கு வருத்தம் கிடையாது. பணக்கார வீட்டு வாசலில் நின்று பார்த்த பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது நியாயம்தான். ஆனால் அதே காலத்தில் அந்த முடிவு காணாமல் போனது. எந்த நேரமும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஆனது.

பத்து வருஷமாக நான் செய்வது இதுதான்: முடிவு உள்ளதை வைத்துக்கொண்டேன், முடிவு இல்லாததை எடுத்துவிட்டேன். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிச் செய்தி பத்து நிமிடத்தில் முடியும். சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடியும். நானும் என் மனைவியும் இன்னமும் இராமநாதபுரம் போய்ப் படம் பார்க்கிறோம். செய்திச் சேனலும் சீரியலும் போனில் ஓடும் குட்டி வீடியோவும் முடிவதே இல்லை. ‘டிவி நல்லதா கெட்டதா’ என்று வீட்டில் விவாதம் வைத்தால் மாமியாரும் நீங்களும் எதிரெதிரே நிற்க வேண்டிவரும். ‘இது எப்போது முடியும்’ என்று கேட்டுப் பாருங்கள், எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரிந்துவிடும்.

எனக்கு இது புரிந்தது ஒரே இரவில். ஒரு கார்த்திகை மாதம், இரவு எட்டு மணி இருக்கும். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தில் ‘இராமேஸ்வரம் மீனவர்கள் கைது’ என்று வந்தது. எத்தனை படகு, யார் யார், எதுவும் இல்லை. அன்றைக்குக் கடலுக்குப் போன படகுகள் நிறைய. என் கன்ட்ரோல் ரூமில் நாலு டிவி இருக்கும் என்பதால் பக்கத்துத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த அக்கா ஒருவர் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அந்த வரி மறுபடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். வந்தது. திரும்பத் திரும்ப அதே வரிதான் வந்தது. நடுவில் சோப்பு விளம்பரம், நகைக்கடை விளம்பரம். நான் சேனல் மாற்றி மாற்றிப் போட்டேன், எல்லாவற்றிலும் அதே வரி. பதினொன்றரை மணிக்கு மீனவர் சங்கத்து ஆள் ஒருவர் வண்டியில் வந்து, மீன்வளத்துறையில் கிடைத்த பட்டியலைப் பார்த்துப் பெயர் சொன்னார். அந்த அக்கா வீட்டுக்காரர் பெயர் அதில் இல்லை. அவர் அப்படியே என் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணி நேரமாக நான் அவருக்குக் கொடுத்தது பயத்தை மட்டும்தான். செய்தி வந்தது வண்டியில் வந்த மனுஷர் மூலமாக.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கடலில் இருக்கும் ஆளைப் பற்றிய செய்தி டிவியில் முதலில் வராது. சங்கத்தில் ஒருவர், உங்கள் கணவர் படகுக்குப் பக்கத்தில் தொழில் செய்யும் இன்னொரு படகுக்காரர் வீடு, கரையில் மீன் எடுக்கும் வியாபாரி, இந்த மூன்று பேர் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஈடான செய்திச் சேனல் கிடையாது.

புயலுக்கு வருகிறேன். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். என் கணக்கில் நம் கரையின் மிகச் சிறந்த ஊடகம் அதுதான். 1-லிருந்து 11 வரை எண். 1 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது. 3 என்றால் இந்தத் துறைமுகப் பக்கமே பலத்த காற்று வீசப்போகிறது. 5-லிருந்து அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம். பகலில் உருளையும் கூம்பும் தொங்கும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. 11-க்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது, இனி உங்கள் அறிவுதான் என்று பொருள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த எண் ஏன் இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. கூண்டு ஒரே ஒரு எண்ணைச் சொல்லும், அது மாறும்வரை அடுத்த செய்தி கிடையாது. உங்கள் பையனுக்கு இந்த எண்களைச் சொல்லிக்கொடுங்கள், ஒரு வாரத்தில் ஊருக்கே சொல்வான்.

கூண்டு தெரியாத தூரத்தில் இருந்தால் ரேடியோ. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. காற்று, அலை, வானிலை என்று நம் பேச்சிலேயே சொல்வார்கள். பாம்பன், மண்டபம் சுற்றுவட்டாரத்துக்கு அதுவே போதும். தொண்டி, சாயல்குடி, மூக்கையூர் பக்கமென்றால் அது எட்டாது. மீடியம் வேவில் அகில இந்திய வானொலியின் தூத்துக்குடி நிலையம் இருக்கிறது. வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டால் வானிலைத் துறையே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அறிக்கை விடுகிறது, கரையை நெருங்கும்போது மட்டும் மணிக்கு ஒருமுறை. செய்திச் சேனல் இடைப்பட்ட நேரத்தில் காட்டுவதெல்லாம் அந்த அறிக்கையையே வேறு வேறு குரலில்தான். அந்தக் கணக்கில் ரேடியோவைத் திருகினால் உங்களுக்கு ஒன்றும் தவறாது. பெரிய காற்று அடித்தால் முதலில் போவது கரண்ட், அதோடு டிவியும் போகும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாப் பக்கம் எத்தனையோ கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அங்கே பேசியது பேட்டரி ரேடியோதான்.

ரேடியோ வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கரண்டில் மட்டும் ஓடுவது, சார்ஜ் போட்டால் மட்டும் ஓடுவது வேண்டாம், பேட்டரிக் கட்டை போடும் வகையாகப் பாருங்கள். நம் காற்றில் கட்டை உட்காரும் ஸ்பிரிங் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். எலுமிச்சம்பழச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவினால் வருஷக்கணக்கில் வரும். போனிலேயே எஃப்.எம். இருக்கிறதே என்றால், அது ஹெட்போன் ஒயரைத்தான் ஆன்டெனாவாக எடுத்துக்கொள்ளும். ஒயர் இல்லாமல் பல போனில் பாடாது, சில புதுப் போனில் அந்த வசதியே கிடையாது.

இனி மாமியார். இதில்தான் நான் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருந்தார். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டுப் பாயை விரித்து டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை எழுந்திருக்க மாட்டார். நான் யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘உன் வீடு, நீ சொன்னாச் சரி’ என்றார். நான்காம் நாள் வேலை முடிந்து ஏழு மணிக்கு வருகிறேன். கூடத்தில் விளக்குப் போடவில்லை. அதே பாய், அதே இடம், சுவரைப் பார்த்து அம்மா உட்கார்ந்திருக்கிறார். சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம். ‘என்னம்மா’ என்றேன். ‘வீடு ரொம்ப அமைதியா இருக்குப்பா’ என்றார்.

அம்மாவுக்குக் கதை தேவைப்படவில்லை, குரல்தான் தேவைப்பட்டது. சீரியலில் யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டால் பாதி அவருக்கே நினைவிருக்காது. வீட்டில் மனுஷக் குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று இரவு பேச்சுக் கொடுத்தபோது இலங்கை வானொலிக் காலத்தைச் சொன்னார். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓட ஓட அடுப்பு வேலை நடக்குமாம். மயில்வாகனன் குரலும் அப்துல் ஹமீது குரலும் பக்கத்து வீட்டு ஆள் குரல் மாதிரி இருக்குமாம். ‘அது பாட்டுக்குப் பாடும், நம்ம பாட்டுக்கு வேலை பார்ப்போம். இது கண்ணையும் கட்டிப்போட்டுருச்சு’ என்றார். இருபது வருஷம் கேபிள் நடத்திய எனக்கு அந்த வித்தியாசத்தை அம்மாதான் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் நான் செய்த முதல் காரியம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது. அம்மா படுக்கும் அறையில் வைத்தேன், அவருக்கு மிகவும் பிடித்த ஒரு சீரியல், அரை மணி நேரம். அதோடு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது காரியம் தானாக நடந்தது. அம்மாவின் ஊர் சாயல்குடிப் பக்கம், பனங்காட்டு ஊர். கல்யாணத்துக்கு முன் ஓலைப்பெட்டி முடைந்தவர். ரேடியோ கேட்கும்போது கை சும்மா இருக்கிறதே என்று ஊரிலிருந்து ஒரு கட்டு குருத்தோலை வரவழைத்தார். பல வருஷம் தொடாத வேலை. முதல் நாள் ஓலை ஒடிந்துகொண்டே போனது. ஈரத்துணியைச் சுற்றி வைத்து, மறுநாள் சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கடல்காற்றின் ஈரத்திலேயே வகிர்ந்தார். கட்டைவிரல் நகத்தால் ஓலையின் நடுவில் ஒரு கீறல், அப்புறம் ஒரே இழுப்பு. மெல்லிய சத்தம் வரும், துணி கிழிவது மாதிரி. அடிப்பாகத்தை எட்டு ஓலையில் தொடங்கி மடக்கி ஏற்றும்போது கண் ஓலையில் இருக்காது, தெருவில் இருக்கும். போகிற வருகிற எல்லோரிடமும் பேச்சு. பத்து நாளில் தெருவில் மூன்று பெண்கள் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார்கள். அறைக்குள் டிவி தூசி படிந்தது. நான் எடுக்கவில்லை, அம்மாவே ஒருநாள், ‘இது எதுக்கு இடத்தை அடைக்குது’ என்றார்.

உங்கள் மாமியாருக்கு ஓலை பிடிக்காமல் போகலாம். வலை தைக்கத் தெரிந்தவராக இருக்கலாம், சிப்பி கோக்கத் தெரிந்தவராக இருக்கலாம், ஜெபமாலைக் கூட்டமோ ஓதுதலோ பஜனையோ அவருக்குப் பிடித்திருக்கலாம். பாசி எடுக்கப் போன காலத்துத் தோழிகள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம், முழங்கால் வலியால் போய்ப் பார்க்க முடியாமல் இருக்கலாம். என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை அவருடைய டிவியில் கை வைக்காதீர்கள். வயதானவர் வீட்டில் தனியாக இருக்கும்போது அதை எடுப்பது, ஊன்றுகோலை எடுப்பது மாதிரி.

பிள்ளைகள் விஷயம் இதைவிட எளிது, ஆனால் முதல் பத்து நாள் கஷ்டம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. 2-லிருந்து 5 வயது வரை நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், 5-லிருந்து 10 வரை 2 மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இதுவே. டிவி ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் பிள்ளை பார்க்கவில்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு சத்தம் வந்ததும் தலை திரும்பும், கையில் இருந்த விளையாட்டு அறுந்துபோகும்.

கனடாவில் ஒரு சிறு ஊர். மலைப் பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி அலை எட்டவில்லை, சுற்றியிருந்த ஊர்களில் எட்டியது. டேனிஸ் மாக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியல் பேராசிரியரின் குழு டிவி வருவதற்குச் சற்று முன்பும், வந்து இரண்டு வருஷம் கழித்தும் போய் ஆராய்ந்தது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘நோட்டெல்’ என்று பெயர் வைத்தார்கள். டிவி வருவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் புதிதாக யோசிப்பதில் மற்ற ஊர்ப் பிள்ளைகளை விட மேலே இருந்தார்கள். வந்த பிறகு அந்த மேன்மை போய்விட்டது. பிள்ளைகளிடையே அடிதடி கூடியது. ஊர்க் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் ஆட்கள் வருவது குறைந்தது, அதிலும் வயதானவர்கள் வருவது மிகவும் குறைந்தது. கடைசியில் சொன்னதைப் படித்தபோது என் அம்மா திண்ணையை விட்டுக் கூடத்துக்கு வந்த வருஷம் நினைவுக்கு வந்தது. அந்த ஒயரை இழுத்ததே நான்தான்.

டிவியை நிறுத்திய பிறகு உங்கள் பையன் ‘என்ன செய்ய, என்ன செய்ய’ என்று நாற்பது தடவை கேட்பான். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். சொன்னால் நீங்கள்தான் அவனுக்குப் புது டிவி. பொழுது போகாமல் இருப்பதும் பிள்ளைக்குத் தேவை, அந்தச் சலிப்பு முற்றிய இடத்தில்தான் விளையாட்டு பிறக்கும். நம் பிள்ளைகளுக்கு வாசலில் கடல் கிடக்கிறது. பாக்கு நீரிணைப் பக்கம் தண்ணீர் உள்வாங்கும் நேரத்தில் நண்டு வளை தேடினால் ஒரு சாயங்காலம் போய்விடும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த மாதம் எந்தக் காற்று, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் எந்தக் கடல் கலங்கும், வாடை அடித்தால் எந்தக் கடல் கலங்கும், ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடா எது, பெண்கடல் என்னும் பாக்கு நீரிணைப் பக்கம் எது என்று அப்பாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாட்டுப்படகுக்காரர் தலையில் இருக்கும் அந்த அறிவு எந்தச் சேனலிலும் ஓடாது. மகன் கேட்டால் தகப்பன் சொல்லாமல் இருக்க மாட்டார், அதைக் கேட்க வீட்டில் இத்தனை நாள் அமைதி இல்லை.

கலாம் ஐயா சிறுவயதில் இராமேஸ்வரத்தில் பேப்பர் போட்டவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காது, ஓடும் ரயிலிலிருந்து கட்டைத் தூக்கிப் போடுவார்கள், அதைப் பொறுக்கி எடுத்து வீடுவீடாகக் கொடுப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. உலகமே போரில் எரிந்துகொண்டிருந்தது, ஒரு தீவுக்கு நாளுக்கு ஒருமுறை செய்தி போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பேப்பர் போடச் சொல்லுங்கள். கேபிளுக்குக் கட்டும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் வந்துவிடும். பையன் சத்தமாகப் படிக்க மாமியார் கேட்கட்டும். குரலும் ஆச்சு, படிப்பும் ஆச்சு.

போன்தான் கடைசி, அதுதான் பெரியதும். டிவியை எடுத்த பல வீடுகள் தோற்பது இதில்தான், பெரிய பெட்டி போய் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்துவிடும். போனை அறவே விடச் சொல்ல மாட்டேன். மீன் விலை, கடலுக்குப் போக அனுமதி உண்டா இல்லையா, எல்லாம் இப்போது அதில்தான் வருகிறது. என் வீட்டில் வாசல் பக்கம் ஒரு அலமாரித் தட்டு இருக்கிறது, சார்ஜரும் அங்கேதான். வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அங்கே இருக்கும். மணி அடித்தால் எழுந்துபோய் நின்றுகொண்டே பேச வேண்டும். நின்றுகொண்டு யாரும் இரண்டு மணி நேரம் வீடியோ பார்ப்பதில்லை. குட்டி வீடியோ ஆப்களை எடுத்துவிட்டோம், வாட்ஸ்அப்பில் தொழில், சொந்தம் இரண்டுக்குமான குழுக்களை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘சுனாமி வருகிறது, உடனே மேட்டுக்குப் போங்கள்’ என்று ஊர் பேர் இல்லாத குரல் பதிவு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் உள்ள தேசிய மையத்திலிருந்து அரசு வழியாகத்தான் வரும். கோயில், தேவாலய, பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பார்கள், போலீஸ் வரும். 2004-ஐப் பார்த்த கரை இது, அந்தப் பயத்தோடு விளையாடும் பதிவுகளுக்கு இரக்கம் காட்டக்கூடாது.

உங்கள் கணவருடைய தூக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மணிக்குப் படகு தள்ளுகிறவர் எட்டு, எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். படுத்த பிறகு முகத்துக்கு நேரே ஒளிரும் திரை உடம்புக்கு இன்னும் பகல்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். அரைத் தூக்கத்தில் வலை இழுப்பது ஆபத்து. ‘டிவி கெட்டது’ என்று அவரிடம் சொன்னால் கேட்க மாட்டார். ‘நீங்க தூங்கணும், அதுக்காகத்தான்’ என்று சொல்லிப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். புயல் மாதம், எல்லோர் மனதும் திரையில்தான் இருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் சேரும். ஊரே வீட்டில் இருக்கும், வெயிலில் எங்கும் போக முடியாது, அதுவும் வேண்டாம். தை பிறந்து வாடை தணிந்த பிறகு நல்ல நேரம், சாயங்காலம் வெளியே உட்காரச் சுகமாக இருக்கும். முதல் மாதம் காலை நேரத்தை மட்டும் நிறுத்துங்கள். காலை டிவியை யாரும் பார்ப்பதில்லை, அது சும்மா ஓடுகிறது, போனால் தேட மாட்டார்கள். அடுத்த மாதம் இரவு எட்டுக்குப் பிறகு. மாமியாரின் ஒரு சீரியல் கடைசி வரை இருக்கட்டும்.

கனெக்‌ஷனை முழுக்க நிறுத்தும்போது ஆபரேட்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒயரைக் கத்தியால் அறுத்துவிடாதீர்கள். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் அந்த ஒயர் வழியாகவே வீட்டுக்குள் இறங்கும். கனெக்டரைத் திருகிக் கழற்றி, வாயில் டேப் சுற்றி, ஓட்டைக்கு வெளியே கீழ்நோக்கி வளைத்து விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.